அயல்நாட்டில் படை புகுதல் அறமாகுமோ?



ஒரு நாட்டின் எல்லைக்குள் மற்றொரு நாட்டின் படை நுழைவது தகுமா, தகாதா என்னும் வினா அமைச்சர்களும் தளபதிகளும் மட்டுமே ஆராயத்தக்கது என்று நீங்கள் கருதலாம். அக்கருத்துச் சரியன்று. குடியாட்சியில் படையை அனுப்புவது அரசாங்கம். அவ்வரசாங்கத்தை அமைப்பவர்கள் குடிமக்கள். இன்னும் சில ஆண்டுகளில் வாக்களிக்கப் போகும் நீங்கள், இவ்வினாவுக்கு விடை காணும் முறையையேனும் இப்பொழுதே பழகிக்கொள்ளுதல் நலம்.

தன் நாட்டின்மீது பாய்ந்த பகைவனை எதிர்த்து நிற்பது பற்றி ஈண்டுப் பேச்சில்லை. அது தற்காப்பு, அதனை எவரும் குறை கூறார். ஓர் அரசாங்கம் தன் குடிகளையே கொன்று குவிக்கும்பொழுது, அவர்களைக் காக்கும்பொருட்டு வேறொரு நாடு படையுடன் உள்ளே புகலாமா என்பதே நம்முன் உள்ள வினா.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் காண்போம். 1945ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரில் கையெழுத்தான ஐக்கிய நாடுகள் சாசனம், எந்த நாடும் பிறிதொரு நாட்டின் எல்லைக்கும் அரசியல் சுதந்திரத்துக்கும் எதிராகப் படைவலியைப் பயன்படுத்தலாகாது என்று விதிக்கிறது. இவ்விதிக்கு இரண்டே விலக்குகள் உண்டு. தாக்கப்பட்ட நாடு தன்னைக் காத்துக்கொள்ளலாம். பாதுகாப்புச் சபை ஆணையிட்டால் படை செல்லலாம். ‘அங்கே மக்கள் துன்புறுகின்றனர், ஆதலால் நாங்கள் புகுந்தோம்’ என்று ஒரு நாடு தானே முடிவு செய்துகொள்ளச் சாசனம் இடம் தரவில்லை.

இஃது இரக்கமற்ற சட்டம் என்று தோன்றுகிறதா? பொறுங்கள். நம் நாட்டு வரலாற்றையே பாருங்கள். 1856ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி அயோத்தி அரசைக் கவர்ந்துகொண்டது. அதற்கு டல்ஹௌசி பிரபு கூறிய காரணம் யாது? நவாப் வாஜித் அலி ஷாவின் ஆட்சி சீர்கெட்டது, குடிகள் அல்லலுறுகின்றனர் என்பதே. குடிகளின் பெயரால் நாடு பறிக்கப்பட்டது. நவாப் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார். அடுத்த ஆண்டே அக்குடிகள் எவ்வளவு நன்றி பாராட்டினர் என்பதை 1857ஆம் ஆண்டுப் புரட்சி காட்டிற்று. 1938இல் இட்லர் செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியைக் கேட்டபொழுதும், அங்கே வாழ்ந்த ஜெர்மானியர் கொடுமைக்கு ஆளாகின்றனர் என்றே கூறினான். இரக்கம் என்னும் போர்வை ஆசைக்கும் பொருந்துகிறது. வலிய நாடுகள் அப்போர்வையை எத்தனையோ முறை போர்த்துக்கொண்டமையால்தான், எளிய நாடுகளைச் சுற்றிச் சட்டம் ஒரு மதிலை எழுப்பியது.

ஆனால், அதே மதிலின் மறைவில் கொலைஞனும் ஒளிந்துகொள்ளலாம் அன்றோ? அங்ஙனம் நிகழ்ந்ததை நம் அண்டையிலேயே கண்டோம். அந்நிகழ்ச்சியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1970ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தேர்தலில், பாகிஸ்தான் தேசிய சபையின் 300 பொதுத் தொகுதிகளுள் 160ஐ ஷேக் முஜிபுர் ரகுமானின் அவாமி லீக் கட்சி வென்றது. அந்த 160 இடங்களும் கிழக்கு வங்காளத்தில், அதாவது அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில், கிடைத்தவை. முறைப்படி ஆட்சி அக்கட்சியின் கைக்கு வந்திருக்க வேண்டும். யாகியா கானின் இராணுவ அரசாங்கம் அதனைத் தர மறுத்தது. 1971 மார்ச் 25ஆம் நாள் இரவில் டாக்கா நகரில் படை ஏவப்பட்டது. பல்கலைக்கழக விடுதிகளில் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். தத்துவப் பேராசிரியர் கோவிந்த சந்திர தேவ் போன்ற ஆசிரியர்களும் அந்த வெறியாட்டத்துக்கு இரையாயினர். முஜிபுர் ரகுமான் சிறைப்பட்டார். அடுத்து வந்த ஒன்பது திங்களில் மாண்டவர் எத்தனை பேர் என்பதில் கணக்குகள் வேறுபடுகின்றன. சிலர் மூன்று லட்சம் என்பர். வங்காளதேச அரசாங்கம் முப்பது லட்சம் என்றது. எந்தக் கணக்கைக் கொண்டாலும் அது பேரழிவே.

ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லை கடந்து இந்தியாவை அடைந்தனர். திரிபுராவின் மக்கள்தொகை அப்பொழுது சுமார் 15 லட்சம்; அங்கே வந்து சேர்ந்த அகதிகளின் தொகையும் அதனை நெருங்கிற்று. முகாம்களில் வாந்திபேதி பரவியது. உலகம் இதனை அறியாமல் இருக்கவில்லை. டாக்காவில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்த ஆர்ச்சர் பிளட் என்பவரும் அவருடைய உடன்பணியாளர் பலரும், தம் அரசாங்கத்தின் வாளாவிருத்தலைக் கண்டித்து ஏப்ரல் 6ஆம் நாள் வாஷிங்டனுக்குத் தந்தி விடுத்தனர். அதன் பயனாக அவர் பதவி மாற்றப்பட்டாரேயன்றிக் கொலை நிற்கவில்லை. பிரதமர் இந்திரா காந்தி அக்டோபர், நவம்பர் மாதங்களில் மேலைநாட்டுத் தலைநகரங்களுக்குச் சென்று முறையிட்டார். அனுதாபம் கிடைத்தது, தீர்வு கிடைக்கவில்லை.

டிசம்பர் 3ஆம் நாள் பாகிஸ்தான் விமானங்கள் இந்திய விமான தளங்களைத் தாக்கின. முழுப் போர் மூண்டது. டிசம்பர் 16ஆம் நாள் டாக்கா குதிரைப் பந்தயத் திடலில் ஜெனரல் நியாசி சரணடைந்து கையெழுத்திட்டார். மறுநாளே மேற்கு எல்லையில் இந்தியா தானாகவே போரை நிறுத்திற்று. ஜனவரி 10ஆம் நாள் முஜிபுர் ரகுமான் தாயகம் திரும்பினார். 1972 மார்ச் மாதத்தில் இந்தியப் படை வங்காளதேசத்தைவிட்டு வெளியேறிற்று.

இந்தியா முற்றும் தன்னலமின்றிச் செயற்பட்டது என்று சொல்லின் அது புகழ்ச்சியாகுமேயன்றி வரலாறாகாது. பகை நாடு இரண்டாகப் பிரிவதில் நமக்கு ஆதாயம் இருந்தது. முக்தி வாகினி என்னும் விடுதலைப் படைக்கு நாம் பயிற்சி அளித்தோம். டிசம்பர் 3க்கு முன்னரே, நவம்பர் இறுதியில், எல்லைக்கு அப்பால் நம் படைகள் மோதியதும் உண்டு. விடுதலைக்குப்பின், உருது மொழி பேசிய பீகாரி மக்கள் பழிவாங்கலுக்கு ஆளாயினர் என்பதையும் மறைத்தலாகாது. ஐக்கிய நாடுகள் பொதுச் சபை டிசம்பர் 7ஆம் நாள் போர் நிறுத்தமும் படை விலக்கமும் வேண்டித் தீர்மானம் நிறைவேற்றிற்று. ஆதரித்த நாடுகள் 104, எதிர்த்தவை 11. இந்தியா தனித்தே நின்றது எனலாம்.

அங்ஙனமாயின் 104 நாடுகளும் தவறு செய்தனவா? இல்லை, இந்தியா தவறு செய்ததா? இதற்கு விடை காண ஐந்து வினாக்களை உங்களிடம் தருகிறேன். இவை முற்றும் புதியன அல்ல. அறப்போரைப் பற்றி எழுதிய பல நாட்டு அறிஞர்களின் சிந்தனையில் இவற்றின் வேர் உண்டு.

முதல் வினா: தீமை எத்தகையது? ஆட்சி கெட்டது என்பது போதாது. உலகில் கெட்ட ஆட்சிகள் பல. மக்கள் பெருந்திரளாகக் கொல்லப்படுதல் வேண்டும்; அக்கொலை அப்பொழுதே நடந்துகொண்டிருக்க வேண்டும், அல்லது உடனே நிகழப்போவது உறுதியாக இருத்தல் வேண்டும். 1988 மார்ச் மாதத்தில் சதாம் உசேனின் படை ஹலாப்ஜா என்னும் குர்து நகரில் நச்சுப்புகை வீசி ஆயிரக்கணக்கான மக்களைக் கொன்றது. அன்று எந்த வல்லரசும் படை அனுப்பவில்லை. 2003இல் அமெரிக்காவும் பிரிட்டனும் ஈராக்கில் புகுந்தபொழுது, அத்தகைய படுகொலை அங்கே நடந்துகொண்டிருக்கவில்லை. முதற்காரணமாகக் கூறப்பட்ட பேரழிவு ஆயுதங்களும் கண்டெடுக்கப்படவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் செய்த குற்றத்துக்கு நீதிமன்றம் தண்டனை தரலாம். படையெடுப்போ, சாகப்போகிறவனைக் காப்பதற்கு மட்டுமே உரியது.

இரண்டாம் வினா: வேறு வழி முயலப்பட்டதா? தூது, உலக மன்றத்தில் முறையீடு, வாணிகத் தடை, நடுவர் தீர்ப்பு ஆகிய படிகளைத் தாண்டியே கத்தி உறையினின்று வெளிவருதல் வேண்டும். ஆனால் இவ்விதியைப் பொறுமையின் பெயரால் திரிக்கவும் கூடாது. வீடு எரியும்போது விண்ணப்பம் எழுதிக்கொண்டிருத்தல் பொறுமையன்று.

மூன்றாம் வினா: துன்புறுவோர் இவ்வுதவியை விரும்புகின்றனரா? 1971இல் இதற்கு விடை ஐயமின்றி இருந்தது. தேர்தலில் மக்கள் தேர்ந்த தலைவர்களே உதவி கேட்டனர். யாரைக் காக்கிறோம் என்கிறோமோ அவர்கள் வாயிலிருந்து அழைப்பு வராதபொழுது, வந்தவன் காவலனா, புதிய எசமானனா என்னும் ஐயம் எழும். சுதந்திரத்தைப் பிறர் கொண்டுவந்து கொடுத்தால் அது நிலைப்பது அரிது என்று ஜான் ஸ்டூவர்ட் மில் 1859ஆம் ஆண்டிலேயே வாதித்தார். ஈராக்கின் பிற்கால நிகழ்ச்சிகளைக் கண்டோர் அவ்வாதத்தை எளிதில் ஒதுக்கார்.

நான்காம் வினா: செய்யும் செயல் அளவோடு நிற்குமா, தீமையினும் பெரிய தீமையை விளைக்காதா? போர் தொடங்குமுன் எளியோரையும் நோயுற்றோரையும் பாதுகாப்பான இடம் சேருமாறு அறிவிக்கும் வழக்கத்தைப் புறநானூற்றுப் பாடல் ஒன்றால் அறிகிறோம். போரிலும் ஓர் எல்லை உண்டு என்பது நமக்குப் பழைய கொள்கை. 2011 மார்ச் 17ஆம் நாள், லிபியாவில் பெங்காசி நகர மக்களைக் காப்பதற்காகப் பாதுகாப்புச் சபை படைவலிக்கு இசைவு தந்தது. பத்து நாடுகள் ஆதரித்தன. இந்தியா உட்பட ஐந்து நாடுகள் வாக்களியாது ஒதுங்கின. மக்களைக் காக்கப் புறப்பட்ட செயல் சில திங்களில் ஆட்சியை வீழ்த்தும் செயலாக விரிந்தது. கடாபி அக்டோபர் 20ஆம் நாள் கொல்லப்பட்டார். அதன்பின் அந்நாடு போட்டி அரசாங்கங்களாகப் பிளந்து உள்நாட்டுப் போரில் ஆழ்ந்தது. சட்டத்தின் இசைவு இருந்தும் அளவு தவறிற்று. அதன் விளைவாக, பின்னர்ச் சிரியாவின் துயரம் சபை முன் வந்தபொழுது, லிபியாவைச் சுட்டிக்காட்டி மறுப்போர்க்கு ஒரு வாதம் கிடைத்தது.

ஐந்தாம் வினா: புகுந்தவர் எப்பொழுது வெளியேறுவார்? என் கருத்தில் இதுவே உரைகல். பிற நான்கு வினாக்களுக்கும் சொல்லால் விடை கூறிவிடலாம். இதற்குச் செயலால் மட்டுமே விடை கூற இயலும். கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை நடந்த போல் பாட் ஆட்சியில் ஏறத்தாழ 15 லட்சம் முதல் 20 லட்சம் மக்கள் மாண்டனர். 1978 டிசம்பர் இறுதியில் வியட்நாம் படையெடுத்து, 1979 ஜனவரி 7ஆம் நாள் தலைநகரைக் கைப்பற்றிற்று. அக்கொலைக்களம் முடிவுற்றது. அந்த நன்மையை எவரும் மறுத்தல் இயலாது. ஆயினும் வியட்நாமியப் படை 1989 செப்டம்பர் வரை, பத்தாண்டுக்கும் மேலாக, அங்கேயே தங்கிற்று. மீட்டவன் என்ற பெயர் மெல்ல மறைந்து ஆள்பவன் என்ற பெயர் நிலைத்தது. உலகமோ அதனினும் பெரிய பிழை செய்தது. வியட்நாமைக் கண்டிக்கும் வேகத்தில், வீழ்ந்த கொலைகாரக் கூட்டம் சார்ந்த தரப்புக்கே ஐக்கிய நாடுகள் சபையில் கம்போடியாவின் இருக்கையைப் பல ஆண்டுகள் விட்டுவைத்தது.

வங்காளதேசத்திலிருந்து மூன்றே திங்களில் நம் படை வெளியேறியதன் பெருமை இப்பொழுது விளங்கும். நோக்கத்தில் கலப்பு இருந்தது உண்மை. கலப்பில்லாத நோக்கம் மனிதரிடத்தும் அரிது. அரசாங்கங்களிடத்து மிக அரிது. தான்சானியாவின் தலைவர் நைரேரே 1979இல் உகாண்டாவின் இடி அமீனை வீழ்த்தியதற்கும், முந்திய ஆண்டு அமீனின் படை தம் நாட்டு ககேரா பகுதியில் புகுந்தமையே நேரடிக் காரணம். நோக்கம் கலந்தது என்பதனாலேயே செயல் தீயதாகிவிடாது. கலந்த நோக்கத்தில் எது மேலோங்கியது என்பதைச் செய்கையும் திரும்பிய நாளும் காட்டும்.

இங்கே நமக்கு நெருங்கிய ஒரு நிகழ்ச்சியையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1987 ஜூலை 29ஆம் நாள் கொழும்பில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, இலங்கை அரசாங்கத்தின் இசைவோடு, இந்திய அமைதிப்படை வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்குச் சென்றது. தமிழ் மக்களைக் காக்க வந்த படை என்று தொடக்கத்தில் வரவேற்பும் கிடைத்தது. அக்டோபர் மாதத்தில் அப்படை விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கிற்று. அதே மாதத்தில் யாழ்ப்பாண மருத்துவமனையில் நோயாளிகளும் மருத்துவப் பணியாளர்களும் சுடப்பட்டு மாண்டனர். 1990 மார்ச் மாதத்தில் கடைசி வீரன் திரும்புவதற்குள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிர் துறந்தனர். அங்கு வாழ்ந்த குடிமக்கள் பட்ட இழப்பும் பெரிது. அரசாங்கத்தின் அழைப்பு இருந்தது. சட்டத்தின் குறை இல்லை. மூன்றாம் வினாவுக்கும் நான்காம் வினாவுக்கும் தெளிந்த விடையின்றிச் சென்றால், 1971இல் வென்ற அதே நாடும் இடறும் என்பதே இதன் பாடம்.

இவ்வளவு இடர்கள் உண்டெனில், எவரும் எங்கும் புகாதிருப்பதே நன்று என்று நீங்கள் கூறலாம். அம்முடிவின் விலையையும் அறிந்துகொள்ளுங்கள். 1994ஆம் ஆண்டில் ருவாண்டாவில் ஐக்கிய நாடுகள் சபையின் படைவீரர் சுமார் 2,500 பேர் இருந்தனர். அவர்களுடைய தளபதி டலேர், ஆயுதங்கள் பதுக்கப்படுவதை ஜனவரி மாதத்திலேயே தெரிவித்து, அவற்றைக் கைப்பற்ற இசைவு கேட்டார், மறுக்கப்பட்டது. ஏப்ரலில் கொலை தொடங்கிற்று. கிகாலி நகரில் ஒரு தொழிற்பள்ளியில் சுமார் 2,000 மக்கள் பெல்ஜியப் படைவீரரை நம்பி அடைக்கலம் புகுந்திருந்தனர். ஏப்ரல் 11ஆம் நாள் அவ்வீரர்களுக்கு வெளியேறுமாறு கட்டளை வந்தது, அவர்கள் சென்றனர். வெளியே காத்திருந்தவர்கள் கைக்கு அம்மக்களுள் மிகப் பெரும்பாலோர் இரையாயினர். ஏப்ரல் 21ஆம் நாள் பாதுகாப்புச் சபை கூடி, படையைப் பெருக்காமல், 270ஆகக் குறைத்தது. ஏறத்தாழ நூறு நாட்களில் சுமார் 8 லட்சம் பேர் மாண்டனர். எந்தச் சட்டமும் மீறப்படாமலே உலகம் வாளாவிருந்தது.

1971இல் நிகழ்ந்ததையும் 1994இல் நிகழ்ந்ததையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில், பெரும்பான்மை நாடுகள் கண்டித்த செயல் மக்களைக் காத்தது. மற்றொன்றில், எவரும் கண்டிக்க இயலாத ஒழுங்கு மக்களைக் கைவிட்டது. அதற்காகச் சட்டத்தைத் தூக்கி எறிவோமா? எறிந்தால் அயோத்தியும் செக்கோஸ்லோவாக்கியாவும் மீண்டும் நிகழும். 1971இல் எதிர்த்து வாக்களித்த நாடுகளுள் பல, அண்மையில் விடுதலை பெற்ற சிறு நாடுகள். நாளை இதே காரணம் கூறித் தம் எல்லையிலும் படை புகுமோ என்று அவை அஞ்சியதில் பிழையில்லை. ஆதலால் படை புகுதல் உரிமை ஆகாது. பெருங்கேட்டைத் தடுக்க நேரும் விலக்கு மட்டுமே ஆகும். அவ்விலக்கைக் கைக்கொள்ளும் நாடு, உலகத்தின் முன் நின்று ஐந்து வினாக்களுக்கும் விடை கூறும் பொறுப்பைத் தானே ஏற்றல் வேண்டும். மெய்ப்பிக்கும் சுமை புகுந்தவனுடையதே.

2005ஆம் ஆண்டில் கூடிய உலகத் தலைவர்கள் மாநாடு ஒரு நல்ல கொள்கையை ஏற்றது. தன் மக்களை இனப்படுகொலை முதலிய பெருங்குற்றங்களினின்று காப்பது ஒவ்வோர் அரசின் கடமை. அக்கடமையில் அரசு வெளிப்படையாகத் தவறினால், பாதுகாப்புச் சபையின் வழியே உலகம் கூடிச் செயற்படலாம் என்பது அக்கொள்கை. ஆனால் அச்சபையில் ஐந்து வல்லரசுகளுள் ஒன்று மறுத்தாலும் செயல் நின்றுவிடும். கொள்கை பிறந்தது, அதனை ஒரே தராசில் நிறுத்து வழங்கும் நடுவர் மன்றம் பிறக்கவில்லை. அத்தகைய மன்றத்தை அமைப்பதும், இருக்கும் மன்றத்தைச் செப்பனிடுவதும் இனி வரும் தலைமுறையின் வேலை.

அதுகாறும், ஏதேனும் ஒரு நாடு மற்றொரு நாட்டில் படையுடன் புகுந்தது என்ற செய்தியைப் படிக்கும்பொழுது, அது நட்பு நாடா பகை நாடா என்று முதலில் பாராதீர்கள். தீமை எத்தகையது, வேறு வழி முயன்றனரா, யார் அழைத்தனர், அளவு யாது, எப்பொழுது திரும்புவர் என்று வரிசையாகக் கேளுங்கள். நம் நாடே புகுந்தாலும் அவ்வாறே கேளுங்கள். அங்ஙனம் கேட்கும் குடிமக்கள் பெருகிய நாட்டில், படையை அனுப்ப முற்படும் அரசாங்கம் ஒருமுறைக்குப் பலமுறை எண்ணிப் பார்க்கும். உண்மையிலேயே அனுப்ப வேண்டிய நேரத்தில் அனுப்பாதிருக்கவும் அதற்குத் துணிவு வாராது.